மன்றோ துரையும் லேட்டாக வந்த லோடும்

ஒரகடம் ஜங்ஷனில் கார் ஏற்றிச் செல்லும் நீளமான டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் கோபப்படாதீர்கள். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு காரும் ஒரு அதிசயம். சீட் ஒரு கம்பெனி, கண்ணாடி இன்னொரு கம்பெனி, டயர் மூன்றாவது கம்பெனி என்று ஆயிரக்கணக்கான சாமான்கள் சொன்ன மணிக்குச் சொன்ன கேட்டில் வந்து இறங்கினால்தான் லைன் ஓடும். இதற்கு ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று பேர். ஒரு லோடு லேட்டானால் போதும், அந்த வெண்டர் அன்றைக்கு போனை எடுக்கவே பயப்படுவார்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ செய்ய வந்த ஹூண்டாய்க்காரர்களும், 2010-ல் ஒரகடத்தில் கடை விரித்த ரெனோ–நிஸான்காரர்களும்தான் இந்த வித்தையை நமக்குக் காட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது சார். 1780-லேயே ஒரு துரை இந்த வட்டாரத்தில் இதே பிளானோடு கிளம்பியிருக்கிறார். பார்ட் ஏ, பரங்கிமலையிலிருந்து. பார்ட் பி, குண்டூரிலிருந்து. அசெம்பிளி, காஞ்சிபுரத்தில். தயாராக வேண்டிய சரக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படை.

பார்ட் பி கடைசிவரை வந்து சேரவில்லை.

அந்தத் துரையின் பெயர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரா? இல்லை, அவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் மெட்ராஸ் கவர்னர் ஆனவர். நம் கதை நடக்கும்போது அவர் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பத்தொன்பது வயசுப் பையன். ஹெக்டர் மன்றோவின் படையோடு நடந்தவர். சின்னவருக்கு நம்மூரில் சிலை கிடைத்தது. பெரியவருக்குக் கிடைத்ததைப் பார்க்க மலையேற வேண்டும். பொறுங்கள், ஏறுவோம்.

ஹெக்டர் மன்றோ பிரிட்டன் தீவின் வடகோடிக்காரர். ராஸ்-ஷயர் என்று பேர். மலை, பாறை, நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல், முகத்தில் அறைகிற மழைக்காற்று. பார்ட் பி-யை நடத்திவந்த கர்னல் வில்லியம் பெய்லிக்கு அதே பக்கத்தில் இன்வர்னெஸ் அருகே டுனெய்ன். 73-வது ஹைலாண்டர் ரெஜிமென்டைக் கப்பலில் கூட்டிவந்த லார்ட் மெக்லியாடும் ராஸ்-ஷயர் குடும்பம்தான். கரடுமுரடான தேசத்தில் வளர்ந்த மூன்று மலைநாட்டுக்காரர்கள், உயரம் என்று சொல்லிக்கொள்ளப் பரங்கிமலையை விட்டால் வேறு கதியில்லாத நம் சமவெளிக்கு ரோடு டிரிப் வந்தார்கள். அவர்களை மலை ஒன்றும் செய்யவில்லை. ஓர் ஆறும் நாலு மூட்டை நெல்லும் போதுமானதாக இருந்தது.

வெளியூர்க்காரர்கள் இந்தப் பாதையில் மாட்டிக்கொள்வது புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டில் வாதாபியிலிருந்து புலிகேசி வந்தார். (உங்களுக்கு வடிவேலு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அவர் இருபத்து மூன்றாம் புலிகேசி, இவர் இரண்டாம் புலிகேசி.) தன் படை கிளப்பிய தூசியில் பல்லவ மன்னனின் பெருமை மங்கிப்போய்க் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது என்று 634-ல் ஐஹோளேயில் கல்லில் வெட்டிவைத்தார். வார்த்தை உபயம், அவருடைய கவிஞர் ரவிகீர்த்தி. பல்லவர் தரப்பு சும்மா இருக்குமா? மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளைத் துவம்சம் செய்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. எந்த எதிரி? பேர் போடவில்லை. இரண்டும் ஒரே படையெடுப்புதான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். அப்படியானால் ஒரே சண்டையில் இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள்!

புலிகேசி விடவில்லை, திரும்பவும் வந்தார். இந்த முறை வினை காத்திருந்த இடங்களில் ஒன்று மணிமங்கலம். ஆமாம், தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் பிளாட் விற்பனை போர்டுகளுக்கு நடுவே வருகிறதே, அதே மணிமங்கலம்தான். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன், ஓடுகிற புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றி என்று எழுதினானாம். இது கூரம் செப்பேட்டின் வர்ணனை. அறிக்கை விடுவதில் பல்லவர்கள் காகிதம்கூடச் செலவழிக்கவில்லை.

ஆக, இந்த வட்டாரத்தில் இரண்டு தொழில்கள் உண்டு. நேரத்துக்கு வந்து சேர்வது ஒன்று. வந்து கிழித்ததாக எழுதிவைப்பது இன்னொன்று. முதல் தொழிலில் கோட்டை விட்டவர்கள் இரண்டாவதில் சூரர்கள். மன்றோ துரை இந்தப் பரம்பரைக்குக் கடல் கடந்து வந்த வாரிசு.

1780 ஜூலை. மைசூரிலிருந்து ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். எண்பதாயிரம் பேருக்குக் குறையாது என்பது ஆங்கிலேயர் கணக்கு. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மெட்ராஸ் கவுன்சிலில் எல்லோருக்கும் தெரியும். படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் படை எங்கே நிற்கிறது, எத்தனை நாள் அரிசியோடு நிற்கிறது என்பதெல்லாம் அன்றன்றைக்கே தெரிந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் வந்த எச்சரிக்கைக் கடிதங்களையெல்லாம் வாசித்து, மடித்து, பத்திரமாக உள்ளே வைத்தார்கள். மெட்ராஸுக்கு வெளியே கிராமங்கள் எரிகிற புகை கண்ணில் பட்ட பிறகுதான், ஹைதர் வந்திருக்கக்கூடும் என்று கவுன்சிலுக்கு ஓர் எண்ணம் உதித்தது.

சரி, படை எங்கே கூடுவது? மெட்ராஸ் பக்கத்திலேயே கூடுவோம் என்றார் மெக்லியாட். ஆபத்து தெரிந்த மனிதர். பதின்பருவம் முடியும் முன்பே, 1745 கலகத்தில் அப்பாவோடு சேர்ந்து பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டு, பிடிபட்டு, மன்னிக்கப்பட்டு, ஸ்வீடன் படையில் வேலை பார்த்து, கடைசியில் அதே ராஜவம்சத்துக்காக ரெஜிமென்ட் திரட்டியவர். தோல்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று அனுபவம் உண்டு. மன்றோவோ 1764-ல் பக்சாரில் ஜெயித்தவர், 1778-ல் புதுச்சேரியைப் பிடித்தவர். அவர் காஞ்சிபுரம் என்றார். இரண்டு வெற்றியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரிடம் மேப்பை விரித்துக் காட்டுவது யார்?

இன்னொரு கூத்தும் நடந்தது. கவர்னர் தரப்புக்குக் கவுன்சிலில் பெரும்பான்மை நிற்க மன்றோவின் ஓட்டு வேண்டும். ஆகவே மன்றோ ஊரிலேயே இருப்பார், படையை மெக்லியாட் நடத்துவார் என்று ஏற்பாடு. எனக்குப் பிடிக்காத திட்டத்தை நான் ஏன் நடத்த வேண்டும் என்று மெக்லியாட் கையை விரித்துவிட்டார். கவுன்சில் கவிழாமல் இருக்க ஓட்டு வேண்டும், கம்பெனி கவிழாமல் இருக்கத் தளபதி வேண்டும், இரண்டும் ஒரே ஆள். கூட்டணி ஆட்சியின் கஷ்டம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

கடைசியில் மன்றோவே கிளம்பினார். சுமார் ஐயாயிரம் பேர், எட்டு நாளைக்கு அரிசி. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட படை 29-ம் தேதி காஞ்சிபுரம் சேர்ந்தது. இன்றைக்கு பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று போனால், காபிக்கு நிறுத்தினாலும் இரண்டு மணி நேரம். மாடு இழுக்கிற பீரங்கிகளோடு மழைச் சேற்றில் போனவருக்கு நாலு நாள். பரவாயில்லை என்று சொல்லலாம். போன வாரம் டோல்கேட்டில் நின்றவர்கள் கட்டாயம் சொல்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லிவிட்டு அந்த ஊரின் நிஜமான ரோடு டிரிப் மன்னரைச் சொல்லாமல் போனால் பாவம். 1017-ல் அங்கே அவதரித்த ராமானுஜர், ஒரு பழைய உரை நூலைத் தேடிக் கூரத்தாழ்வானோடு காஷ்மீர் வரை நடந்தார் என்பது வைணவ மரபு. அங்கிருந்த பண்டிதர்கள் கொடுத்த நூலைப் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டு போய்விட, கவலைப்படாதீர்கள் சுவாமி, இரவுகளில் படித்து மனப்பாடம் செய்துவிட்டேன் என்றாராம் கூரத்தாழ்வான். காஞ்சிப் பக்கத்துக் கூரத்துக்காரர் அவர். அந்த நினைவிலிருந்துதான் ஸ்ரீபாஷ்யம் பிறந்ததாம். இவர்களிடம் ஒரு பீரங்கி கிடையாது, ஒரு பாரவண்டி கிடையாது. போன காரியம் முடிந்தது. மன்றோவிடம் எல்லாம் இருந்தது. காஞ்சிக்குப் போனதும் அரிசி இல்லை.

அரிசிக்கு யார் பொறுப்பு? ஆற்காடு நவாப் முகமது அலி. அவர் ஓர் ஆளைக் கூடவே அனுப்பியிருந்தார். மன்றோ அவரைக் கூப்பிட்டு அரிசி எங்கே, மாடு எங்கே என்று கேட்டார். அந்த மனிதர், உங்களோடு இருக்கச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு, அரிசி மாடெல்லாம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். எந்த ஆபீஸிலும் இன்றுவரை மெருகு குறையாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் பதில். படை ஊருக்குள் இறங்கி நெல் திரட்டிக் கோயிலுக்குள் சேர்த்துவைத்தது. அந்த நிமிஷத்திலிருந்து கம்பெனியின் தளபதி நெல் குதிருக்குக் காவல்காரர் ஆனார். மூட்டையை விட்டு நகர்ந்தால் ஹைதர் எடுத்துக்கொள்வார். நகராவிட்டால் பெய்லியை எடுத்துக்கொள்வார்.

பெய்லி எங்கே?

ஆகஸ்ட் 25-ம் தேதியே அவர் கும்மிடிப்பூண்டி தாண்டிக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்துவிட்டார். இரண்டாயிரத்து எண்ணூறு பேர் சொச்சம். ஆற்றில் தண்ணீர் அவ்வளவாக இல்லை. இறங்கி நடந்தால் அக்கரை. ஆனால் நாள் முழுக்க நடந்த களைப்பு. பெய்லி வடகரையிலேயே கூடாரம் போடச் சொன்னார். காலையில் கடந்தால் போச்சு!

அன்று ராத்திரி மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை ஆற்றில் வந்து சேர்ந்தது. அதுதான் அந்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கிய ஒரே லோடு. விடிந்து பார்த்தால் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம். இந்த வெள்ளம் வடிந்து பெய்லி அக்கரை ஏற செப்டம்பர் பிறந்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேல், ஒரு படையே ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹைதர் அதற்குள் தாம் தொடங்கியிருந்த ஆற்காட்டு முற்றுகையைத் தூக்கிவிட்டு மன்றோவை நோக்கி நகர்ந்தார். பெய்லியைக் கவனிக்க மகன் திப்புவை அனுப்பினார். கொசஸ்தலை ஆறு அவரிடம் சம்பளம் வாங்காமலே அத்தனை வேலையையும் பார்த்துக் கொடுத்தது.

செப்டம்பர் 6. பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி சமாளித்தார். ஆனால் இனி என்னால் வந்து சேர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார். பேரம்பாக்கத்துக்கும் காஞ்சிக்கும் இடையே ஒரு நாள் நடை. பீரங்கிச் சத்தம் காஞ்சியில் கேட்கிறது. மன்றோ நெல் மூட்டையைப் பார்த்தார், சத்தம் வந்த திசையைப் பார்த்தார், மறுபடி நெல் மூட்டையைப் பார்த்தார். பார்ட் ஏ கிளம்பினால் லைனே காலி. கிளம்பாவிட்டால் பார்ட் பி காலி.

அவர் கண்டுபிடித்த தீர்வை எந்த மேனேஜ்மென்ட் காலேஜிலும் பாடமாக வைக்கலாம், எதிர்மறை உதாரணமாக. பார்ட் ஏ-யிலிருந்து ஆயிரம் பேரைக் கழற்றி, கர்னல் பிளெட்சர் தலைமையில் பார்ட் பி-க்கு அனுப்பினார். வந்து சேர வேண்டிய சாமானை வாங்கிவர, வந்து சேர்ந்த சாமானில் ஐந்தில் ஒரு பங்கை வழியில் விடுவது!

ஆச்சரியம் என்னவென்றால் பிளெட்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியிருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அவர்கள் காட்டிய வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போய் 9-ம் தேதி காலை பெய்லியோடு சேர்ந்தார். கூகுள் மேப் கிழக்கே போ என்றால் மேற்கே போகும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. இந்தக் கதையில் முதலும் கடைசியுமாகச் சரியான முடிவு எடுத்தவர் அந்த ரகம். ஹைதர் முகாமில் பிரெஞ்சுக்காரர்களே கொஞ்சம் ஆடிப்போனார்கள். மன்றோ ஏதோ பெரிய தந்திரம் வைத்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். பாவம், அவரைப் பற்றி எதிரிகள்தான் உயர்வாக நினைத்தார்கள்.

அன்று இரவே எல்லோரும் காஞ்சியை நோக்கிக் கிளம்பினார்கள். இருட்டில் நடந்தால் விடிவதற்குள் போயிருக்கலாம். பாதி வழியில் பெய்லி நிறுத்தச் சொன்னார். ஏன் என்று பிளெட்சர் கேட்டதற்கு, வெளிச்சம் வரட்டும், பார்த்துப் போகலாம் என்பதுதான் பதிலின் சாரம். கொசஸ்தலையில் காலை வரைக்கும் காத்திருந்து என்ன கிடைத்தது என்று நியாயமாக யாராவது கேட்டிருக்க வேண்டும். இவர் படுத்திருந்த நேரத்தில் திப்பு தூங்கவில்லை. முன்னால் போகிற பாதைக்குப் பீரங்கிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். அப்பா ஹைதர் முழுப் படையோடு வந்துகொண்டிருந்தார்.

செப்டம்பர் 10 காலை, புள்ளலூர். புலிகேசி–மகேந்திரவர்மன் விவகாரத்தில் வந்த அதே புள்ளலூர். சுற்றி நாலா பக்கமும் குண்டு. நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வெடிக்க வைத்தது பீரங்கியா, மைசூர்க்காரர்களின் பிரசித்தி பெற்ற ராக்கெட்டா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். மூவாயிரத்து எண்ணூறு பேர் அளவில் இருந்த அந்தப் படை அன்று அழிந்தது. அதில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள். பிளெட்சர் செத்துப்போனார். வரலாற்றுப் புத்தகத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, காயக் கணக்கு உண்டு. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான், அதுவும் ‘சுமார்’ போட்டு.

அந்த ராக்கெட் போன தூரத்தைக் கேளுங்கள். பின்னாளில் பிடிபட்ட மைசூர் ராக்கெட்டுகள் லண்டன் போய், காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்துத் தம் ராக்கெட்டைச் செய்து, பிரிட்டிஷார் அதை 1814-ல் அமெரிக்காமேல் விட, அந்தச் சிவப்பு வெளிச்சம் அமெரிக்க தேசிய கீதத்திலேயே ஏறிவிட்டது. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் மையத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே திப்புவின் படை ராக்கெட்டோடு போரிடும் ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்து அசந்துபோனதாக எழுதியிருக்கிறார். பெய்லி காஞ்சி போய்ச் சேரவில்லை; ராக்கெட் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது.

மன்றோ என்ன ஆனார்? 10-ம் தேதி காலை ஒருவழியாக நெல்லை விட்டுக் கிளம்பினார். சத்தம் வந்த பக்கம் நடந்தார். புகை தெரிந்தது. பிறகு சத்தம் நின்றுபோனது. எதிரே அடிபட்டு வந்த சிப்பாய் ஒருவர் சொன்ன செய்தியைக் கேட்டு, படையைத் திருப்பிக்கொண்டு மாலைக்குள் காஞ்சி வந்து சேர்ந்தார். மறுநாள் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, எந்த நெல்லுக்காகப் பெய்லியைக் காக்க வைத்தாரோ அதையும் விட்டுவிட்டு, செங்கல்பட்டு வழியாக மெட்ராஸ் திரும்பினார். 14-ம் தேதி மர்மலாங், அதாவது நம் சைதாப்பேட்டைப் பக்கம். வரும்போது நிதானம், போகும்போது மட்டும் பங்க்சுவல்.

வெற்றி பெற்றவரையும் விட்டுவைக்க வேண்டாம். மெட்ராஸ் நடுங்கிக்கொண்டிருந்தது; கதவைத் தட்டினால் திறந்திருக்கும். ஹைதர் தட்டவில்லை. ஆற்காட்டு முற்றுகைக்கே திரும்பிப் போனார். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த கம்பெனித் தளபதி அயர் கூட் அடுத்த வருஷம் படையோடு வர, சண்டைக்கு இடம் பார்த்தார் ஹைதர். ஜோசியர்கள், போன வருஷம் ராசியாக அமைந்த அதே இடம், சந்திரக் கணக்கில் அதே நாள் என்றார்கள். 1781 ஆகஸ்ட் 27, மறுபடியும் புள்ளலூர். முடிவு? இழுபறி. இரண்டு தரப்பும் தானே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. மகேந்திரவர்மன் காலத்து மண்வாசனை அப்படியே இருந்திருக்கிறது.

இனி இரண்டாவது தொழில்: எழுதிவைப்பது.

திப்பு 1784-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூரை வரையச் சொன்னார். தலைகள் உருள்கின்றன, குதிரைகள் பாய்கின்றன, ஹைதர் முகாமின் பிரெஞ்சுக்கார லாலி டெலஸ்கோப்பில் பார்க்கிறார். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் நடுவே திப்பு ஒரு ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார். கல்யாண ஆல்பத்தில்கூட இத்தனை நிதானமான மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை, 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு அந்த மாளிகையில் குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, சிதைந்திருந்த சுவரோவியத்தைச் சரிசெய்ய வைத்தார் என்பது. தங்கள் தோல்விக்குத் தாங்களே பெயின்ட் வாங்கிக் கொடுத்த ஒரே சாம்ராஜ்யம் அதுவாகத்தான் இருக்கும். இதே காட்சியைத் தாளில் தீட்டிய பழைய ஓவியம் ஒன்று 2022-ல் லண்டன் சாத்தபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. வென்றபோது கிடைத்த பீரங்கிகளைவிடப் படத்துக்கு ரேட் அதிகம்.

பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையிலேயே இறந்துபோனார். பிடிபட்டவர்களில் டேவிட் பெயர்ட் என்ற இளம் கேப்டன், மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறை. கைதிகளை ஜோடி ஜோடியாகச் சங்கிலியில் பூட்டியிருக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்தில் இருந்த அவர் அம்மாவுக்குச் செய்தி போனதாம். அந்த அம்மாள் அழவில்லை. நம்ம டேவியோடு பூட்டப்பட்ட பிள்ளை என்ன பாடுபடுகிறதோ என்றுதான் கவலைப்பட்டாராம். 1799-ல் அதே ஸ்ரீரங்கப்பட்டினத்தின் மதிலை ஏறி உடைத்த படைக்குத் தலைமை தாங்கியவர் இந்த டேவி. ஆனால் ஊரை ஆளும் பதவியைக் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குக் கொடுத்தார்கள். மதில் ஏறுவது ஒருத்தர், சுவருக்குப் பெயின்ட் அடிப்பது இன்னொருத்தர்.

இப்போது மலையேறுவோமா?

தோற்றுத் திரும்பிய மன்றோவுக்கு அடுத்த வருஷமே ஒரு சான்ஸ் கிடைத்தது. 1781 நவம்பரில் அட்மிரல் ஹியூஸின் கப்பற்படையோடு சேர்ந்து, டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். போதும். ராஸ்-ஷயரில் தம் பண்ணைக்கு மேலே, ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில், நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் மாதிரி கல்லால் ஒரு வாசல் எழுப்பச் சொன்னார். 1782 என்று கணக்கு. கடல் மட்டத்திலிருந்து நானூற்றைம்பது மீட்டர் உயரம். வாசலுக்கு முன்னாலும் புதர், பின்னாலும் புதர். உள்ளே போக ஒன்றும் கிடையாது, வெளியே வரவும் ஒன்றும் கிடையாது. நாகை மாவட்டத்துக்காரர் யாராவது அங்கே போய் நின்றால் நிச்சயம் கேட்பார்: ஏங்க, இது எங்க ஊரா?

ராஸ்-ஷயரில் அப்போது வறுமை. நிலத்தை விட்டு ஜனங்கள் விரட்டப்பட்ட காலம். அவர்களுக்குக் கூலி கிடைக்கத்தான் துரை இதைக் கட்டினார் என்று அந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். இன்னும் ஒரு கதையும் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று, மேலே ஏற்றிய கற்களைத் துரையே மறுபடி உருட்டிவிட்டு, திரும்ப ஏற்றச் சொல்லி இரண்டாம் கூலி கொடுத்தாராம். உண்மையோ கதையோ, ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டது. சாமான் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் மன்றோவுக்குக் கை நடுங்கும்.

காஞ்சிக் குளத்தின் மாதிரி ஏதும் அந்தப் பண்ணையில் வெட்டப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் பயோடேட்டாவில் மட்டும் தோற்ற வேலையையா எழுதுகிறோம்?

இன்றைக்கு ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவர ‘நார்த் கோஸ்ட் 500’ என்று ஐநூறு மைல் ரோடு டிரிப் பாதை ஒன்று இருக்கிறது. 2015-ல் விளம்பரப்படுத்தி, உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. பாறையும் மழையும் செம்மறி ஆடும் ஒற்றை லேன் ரோடுமாக அந்தக் கரடுமுரடு வடகோடியைச் சுற்ற வருகிறவர்கள், இன்வர்னெஸ் பக்கத்தில் மன்றோவின் குன்றடியைக் கடந்துதான் போக வேண்டும். 2008 முதல் சில வருஷங்கள் பிரிட்டனில் விற்ற ஹூண்டாய் ஐ10 கார்கள் எங்கே செய்யப்பட்டவை தெரியுமா? நம் இருங்காட்டுக்கோட்டையில். அப்படி ஒரு பழைய ஐ10, மழையில் வைப்பர் அடித்துக்கொண்டு, நாகப்பட்டினத்து வாசலுக்குக் கீழே போயிருந்தால் ஆச்சரியமில்லை. மன்றோ இங்கே வந்து சேர்க்க முடியாத சரக்கை, அவர் ஊருக்கே நாம் கப்பலில் ஏற்றி, சொன்ன தேதிக்கு அனுப்பிவைத்தோம்.

நீங்கள் ஸ்காட்லாந்து போக முடியாவிட்டாலும் புள்ளலூர் பக்கம்தான். பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிற அன்று, கொஞ்சம் வடக்கே திருப்பினால் வயல் நடுவே கிடக்கிறது. போகிற வழியில் மன்றோ, பெய்லி, ஹைதர், புலிகேசி எல்லோரிடமிருந்தும் ஒரே ஒரு பாடம் எடுத்துக்கொண்டால் போதும். ஆறு வற்றிக் கிடந்தால் முதலில் கடந்துவிடுங்கள். டிபனைப் பிரிப்பது அக்கரையில்.